திருகோணமலைக் குடும்பங்களுக்கு எந்தத் தீம் பார்க்: சிங்கப்பூரா, ஹொங்கொங்கா, லெகோலாண்டா?

ஓகஸ்ட் லீவில் புறப்படும் குடும்பத்துக்கு சிங்கப்பூர். டிசம்பரில்தான் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்ப முடியும் என்றால் ஹொங்கொங். பிள்ளைகள் எல்லோரும் சின்னவர்கள் என்றால் மட்டும் மலேசியாவின் லெகோலாண்ட். டிக்கெட் விலையிலிருந்து கணக்கைத் தொடங்குபவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். பிள்ளையின் உயரம், லீவு மாதம், விசா ஆகிய மூன்றையும் பார்த்தபிறகு விலைக்கு வரலாம்.

முதலில் பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, செருப்பில்லாமல் அளந்து எழுதிவையுங்கள். சிங்கப்பூரின் செந்தோசா தீவிலுள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸில் மம்மி ரைட்டுக்கு (சவாரிக்கு) 122 செ.மீ. உயரம் வேண்டும். பேட்டில்ஸ்டார் கலக்டிக்கா ரோலர் கோஸ்டருக்கு 125, ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரிக்கு 107, ட்ரான்ஸ்ஃபோமர்ஸுக்கு 102. வரிசை தொடங்கும் இடத்திலேயே அளவுகோல் இருக்கும். ஒரு செ.மீ. குறைந்தாலும் ஏற்றமாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. ஆறு வயதுப் பிள்ளை 105 செ.மீ. என்றால், பெரிய ரைட் பலவற்றைக் கீழே நின்று பார்க்கவே நீங்கள் காசு கட்டுகிறீர்கள். ஹொங்கொங் டிஸ்னிலாண்டில் ஆர்சி ரேசருக்கு 120, பிக் கிரிஸ்லி மலை ரயிலுக்கு 112 என்று வரம்பு உண்டு. ஆனால் மிஸ்டிக் மேனர், 2023 நவம்பரில் திறந்த ஃப்ரோசன் பகுதியின் படகுச் சவாரி போன்ற நல்லவற்றுக்கு உயர வரம்பே இல்லை. குட்டையான பிள்ளைக்கு நாள் முழுவதும் அங்கே வேலையிருக்கும். லெகோலாண்ட் 2 முதல் 12 வயதுக்காரருக்கென்றே கட்டியது. 6 வயதிலிருந்து கார் ஓட்டும் பள்ளி, 3 முதல் 5 வயதுக்குத் தனிக் குட்டிப் பள்ளி. பதினைந்து வயது அண்ணனுக்கு அங்கே மத்தியானத்துக்குள் அலுத்துவிடும். வெயிலும் கடுமை, நிழல் குறைவு.

உயரம் குறைந்த தம்பியோ தங்கையோ உடன் வந்தால், ஒரு பெற்றோர் அவரோடு வெளியே நிற்க, மற்றவர் ஏறி இறங்கியதும் இரண்டாவது தடவை வரிசையில் நிற்காமல் ஆள் மாறலாம். யூனிவர்சலிலும் டிஸ்னியிலும் இந்த வசதி உண்டு. வரிசையில் சேருமுன் வாசல் ஊழியரிடம் கேட்க வேண்டும்.

லீவு மாதத்தில்தான் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை ஜூனிலும் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பரிலும் வருகிறது. நம் சித்திரை லீவிலும் ஓகஸ்ட் லீவிலும் அங்கே வகுப்பு நடக்கும். செவ்வாய், புதன் பார்த்துப் போனால் வரிசையைச் சுருக்கும் எக்ஸ்பிரஸ் பாஸுக்குக் கூடுதல் காசு பெரும்பாலும் தேவைப்படாது. ஓகஸ்ட் 9 அவர்களுடைய தேசிய தினம், அந்தக் கிழமையைத் தவிருங்கள். ஓகஸ்டில் ஹொங்கொங்கில் பள்ளி விடுமுறைக் கூட்டம், புழுக்கம், சூறாவளி மூன்றும் சேரும். நிலாவெளி, உப்புவெளியில் விடுதி நடத்துபவர்களுக்கு ஓகஸ்ட்தான் உழைப்புக் காலம். டிசம்பரில் ஓய்வு கிடைக்கும்போது சிங்கப்பூரில் நம்மூரைப் போலவே மழை. ஹொங்கொங்கோ அப்போது குளிர்ந்து வறண்டிருக்கும். பிள்ளைகளுக்குச் சுவெட்டர் எடுங்கள், நத்தார் வாரத்தைத் தவிருங்கள். நம் பள்ளித் தவணை அட்டவணை அண்மைய ஆண்டுகளில் அடிக்கடி மாறியதால், அது வெளியாகுமுன் விமான டிக்கெட் எடுப்பது ஆபத்து.

விசாவில் சிங்கப்பூரை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். வருகை அட்டையை இறங்குவதற்கு முந்திய 3 நாட்களுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்பினால் போதும். அதற்குக் காசு கேட்கும் தளம் அரசின் தளமல்ல. ஹொங்கொங்குக்குக் கைக்குழந்தை உட்பட எல்லோருக்கும் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும், ஆவணங்கள் முழுமையாக இருந்தாலும் சுமார் 4 கிழமை பிடிக்கும். மலேசியாவுக்கு இணைய விசா. “சிங்கப்பூர் போனால் பக்கத்திலேதானே லெகோலாண்ட்” என்று விசா இல்லாமல் பஸ் ஏறுபவர்கள் எல்லையில் திரும்ப வேண்டியதுதான். விசா இருந்தாலும் இரண்டு பக்கமும் பொதிகளோடு இறங்கி ஏற வேண்டும், திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையைப் புதிதாக நிரப்ப வேண்டும். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் அந்த எல்லைப் பக்கம் போகாதீர்கள்.

கடவுச்சீட்டில் 6 மாதமாவது மிச்சமிருக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருடையது 3 ஆண்டில் முடிந்துவிடுவதால் பெற்றோருடையதை மட்டும் பார்த்து நிம்மதியடைய முடியாது. நமக்குக் கிட்டிய அலுவலகம் ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா. பிள்ளைக்குத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் தேவை. தந்தை கத்தாரிலோ சவூதியிலோ வேலையில் இருந்தால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய கடிதம் வந்துசேரும் நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

சாப்பாடும் தங்குமிடமும் பார்த்தால் சிங்கப்பூர் நமக்கு இன்னும் இலகு. லிட்டில் இந்தியாவில் தங்கினால் காலையில் தோசை, அறிவிப்புப் பலகையில் தமிழ், அங்கிருந்து ஹாபர்ஃப்ரண்டுக்கு ஒரே ரயிலில் ஐந்தாவது நிறுத்தம். அங்கே விவோசிட்டி கடைத்தொகுதியில் தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறலாம், அல்லது கடலோர நடைபாதையில் காசில்லாமல் நடந்தே போகலாம். ஹொங்கொங்கில் டிஸ்னிலாண்ட் லாந்தாவ் தீவில், விமான நிலையமும் அந்தத் தீவை ஒட்டியே இருக்கிறது. விமான நிலையத்துக்குக் கிட்டிய துங் சுங் ரயில் நிலையத்திலிருந்து ஒரு நிறுத்தத்தில் சன்னி பே, அங்கே டிஸ்னி ரயிலுக்கு மாறலாம். ஹலால் உணவு பார்க்குக்குள்ளேயே கிடைக்கும்.

எதைத் தெரிவுசெய்தாலும் கட்டுநாயக்கவுக்கு ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக வான் வண்டியில் ஆறு மணி நேரமாவது வையுங்கள். 10ஆம் திகதி 00.45 (நள்ளிரவு தாண்டி 12.45) என்று அச்சிட்ட விமானத்துக்கு 9ஆம் திகதி மதியத்துக்குப் பின் தாமதிக்காமல் திருகோணமலையை விட்டுப் புறப்பட வேண்டும். இந்தத் திகதிக் குழப்பத்தில் முழுக் குடும்பத்தின் டிக்கெட்டும் வீணாகலாம். இறங்கும் நாளன்றே பார்க்குக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். தூக்கமில்லாத பிள்ளை பத்து மணிக்கே மடியில் சாய்ந்துவிடும். மறுநாள் கதவு திறக்கும்போதே உள்ளே நுழைந்து வெளிப்புற ரைட்களை முதலில் முடியுங்கள். சிங்கப்பூரில் பின்னேரம் மின்னல் வந்தால் அவற்றை நிறுத்திவிடுவார்கள், கூரைக்குள் இருப்பவை ஓடும்.