சிபிசிடிக்காக மலை இறங்கணுமா?

"சிபிசிடி எடுத்துட்டு வாங்க" என்று கோத்தகிரியில் பல் டாக்டர் எழுதிக் கொடுத்து, அதற்குக் கோவை வரை இறங்க வேண்டியிருந்தால் ஒரு நாள் போச்சு. தேயிலை பறிக்கப் போகிறவர்களுக்கு அன்றைய கூலியும் சேர்த்து. சிபிசிடி என்பது பல்லையும் தாடை எலும்பையும் முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன். எல்லாப் பல்லுக்கும் அந்த அலைச்சல் தேவையில்லை.

சொத்தை எவ்வளவு ஆழம், வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்க, வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்ன எக்ஸ்ரேதான் முதலில். கூர்மையிலும் அதுவே மேல். உலோக கேப்போ வெள்ளி ஃபில்லிங்கோ இருந்தால் சிபிசிடியில் கீற்று கீற்றாக விழுந்து, பார்க்க வந்த சொத்தையே மறைந்துபோகும்.

ஞானப்பல் கதை வேறு. ஓபிஜி என்ற எக்ஸ்ரேயில் இரண்டு தாடையும் ஒரே படத்தில் வந்துவிடும். பெரும்பாலான ஞானப்பல்லுக்கு அது போதும். ஆனால் வேரும் கீழ்த்தாடை நரம்புக்குழாயும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, குழாயின் வெள்ளை விளிம்பு அந்த இடத்தில் அறுந்து தெரிந்தால் சிக்கல். நரம்பு வேரின் நாக்குப் பக்கமா, கன்னத்துப் பக்கமா என்பதைத் தட்டைப்படம் சொல்லாது. அந்த நரம்பில் அடிபட்டால் கீழுதடு மரத்துப்போகலாம். இதற்கு நான் தயங்காமல் பஸ் ஏறுவேன்.

கடைவாயில் இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கிறவர்களும் அப்படியே. ஓபிஜியில் அளவு 20–30 சதவீதம் வரை பெருத்துத் தெரியும், எலும்பின் அகலம் தெரியவே தெரியாது. நரம்புக்கு மேலே 2 மி.மீ. இடைவெளி விடவேண்டிய வேலைக்கு அந்தக் கணக்கு உதவாது. சதையில் கட்டியோ, கழுத்துவரை பரவிய வீக்கமோ என்றால் சிபிசிடியும் பிரயோஜனமில்லை. சதையை அது சரியாகக் காட்டாது. ஆஸ்பத்திரி சிடி ஸ்கேன், எம்ஆர்ஐதான்.

கதிர்வீச்சு? இயற்கையாகவே நம்மேல் விழுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2,400 மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). (ஊட்டி உயரத்தில் விண்வெளிக் கதிரின் பங்கு கோவையைவிடக் கூடுதல், அதற்காக யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை.) சின்ன எக்ஸ்ரே பொதுவாக 10-க்குள், ஓபிஜி 25-க்குள். சிபிசிடி சில பத்திலிருந்து பல நூறு வரை போகும். எவ்வளவு பகுதியைப் படமெடுக்கிறார்கள் என்பது அதில் முக்கியம். ஒரு பல்லுக்கு முழு முகத்தையும் எடுக்கவேண்டாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு.

எடுத்து முடித்ததும் பிரிண்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மலையேறாதீர்கள். ஸ்கேனின் முழுப் பதிவான டைகாம் ஃபைலை சிடியிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். அது இருந்தால்தான் உங்கள் டாக்டர் தன் கம்ப்யூட்டரில் வேண்டிய கோணத்தில் வெட்டிப் பார்க்க முடியும்.