இடிக்கப்போகிற பண்ணை வீடும் ஒரு ஷிஃப்ட் லென்ஸும்

தெரிந்தவர்களின் பழைய பண்ணை வீடு ஒன்றை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். அதற்குள் முழுசாகப் படமெடுத்து வைத்துவிடலாம் என்று கேனான் டிஎஸ்-இ 24 மி.மீ. எஃப்/3.5எல் II லென்ஸை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். 2009-இல் வந்தது. 780 கிராம் எடை, ஆட்டோஃபோகஸ் கிடையாது, ஜூமும் கிடையாது. ஆனாலும் இந்த வேலைக்கு இதைவிடத் தோதான லென்ஸ் என் கைக்கு வந்ததில்லை.

கூரை முகடு தெரியட்டும் என்று கேமராவை அண்ணாந்து வைத்தால் சுவர்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாய்ந்துவிடும் இல்லையா? இந்த வீடோ ஏற்கெனவே சாய்ந்துதான் நிற்கிறது. எது வீட்டின் சாய்வு, எது லென்ஸ் பண்ணிய சாய்வு என்று பின்னால் படத்தைப் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும், போய்ப் பார்க்க வீடுதான் இருக்காதே. இதில் கேமராவை மட்டம் பார்த்து நிறுத்திவிட்டு, பக்கவாட்டுத் திருகால் லென்ஸை மட்டும் 12 மி.மீ. வரை மேலே ஏற்றலாம், இதைத்தான் ஷிஃப்ட் என்கிறார்கள். முகடு உள்ளே வந்துவிடும், நேராக இருக்கிற சுவர் நேராகவே விழும், சாய்ந்தது சாய்ந்தபடி விழும்.

மென்பொருளில் நிமிர்த்திக்கொள்ளலாமே என்பார்கள். நானும் செய்திருக்கிறேன். இழுத்து நீட்டிய மேல்பகுதியில் துல்லியம் போய்விடும், ஓரத்தையும் வெட்ட வேண்டிவரும். அமெரிக்காவில் 1933-இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டடப் பதிவுத் திட்டத்துக்குப் படமெடுத்தவர்கள் 4x5 அங்குல ஃபிலிம் கேமராவைச் சுமந்து திரிந்தார்களே, அதில் இருந்த ஏற்ற இறக்கம்தான் இதில் சுருங்கி வந்திருக்கிறது.

உள்ளே அறைகள் சின்னவை, பின்னால் நகர இடமில்லை. அங்கே லென்ஸை இடது கோடிக்கு ஒன்று, வலது கோடிக்கு ஒன்று என்று தள்ளி எடுத்து ஒட்டினால், முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் சென்சாரின் 36 மி.மீ. அகலம் 60 ஆனதுபோல் ஆகிவிடும். ஆனால் லென்ஸே இடம் மாறுவதால் பக்கத்தில் இருக்கிற தூண் சரியாக ஒட்டாது. அப்புறம், லென்ஸைத் தள்ளுவதற்கு முன்பே வெளிச்சத்தை அளந்து மேனுவலில் வைத்துக்கொள்ளுங்கள், தள்ளிய பிறகு மீட்டரை நம்ப முடியாது.

முதல் நாள் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். லென்ஸைச் சாய்த்து ஃபோகஸ் விழும் தளத்தை மாற்றுகிற டில்ட் வசதியும் இதில் உண்டு. அதன் பூட்டைப் போடாமலே பையில் வைத்திருக்கிறேன், திருகு லேசாக நகர்ந்துவிட்டது. வடக்குப் பக்கம் எடுத்த அத்தனை படத்திலும் ஒரு பாதி மங்கல். கேமராவின் சின்னத் திரையில் ஒன்றும் தெரியவில்லை, ராத்திரி கணினியில் போட்டதும்தான் வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, இரண்டாம் நாள் மிச்சமிருந்தது.

கட்டடம் எடுப்பதே தொழில் என்றால் வாங்கலாம், மற்றவர்களுக்கு வாடகையே போதும். கூடவே ஒரு 50 மி.மீ. லென்ஸும் சின்ன டார்ச்சும் எடுத்துப் போங்கள். சமையலறைக் கதவு தொய்ந்து, திறக்கும்போதெல்லாம் தரையை உரசி, கால் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நேர் வெளிச்சத்தில் கண்ணுக்கே படவில்லை. டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்ததும் எழும்பி வந்தது. அந்தப் படத்தை எடுத்தது இந்த லென்ஸ் இல்லை, 50 தான்.