கம்பம் வந்த பிறகு எது நிற்கும்?

கரண்ட் எட்டாத ஊருக்கு எது தோது: வீட்டுக்கு வீடு சோலார் பேனலா, ஊருக்கே ஒரு சோலார் நிலையமா, ஓடைத் தண்ணீரில் சுற்றும் குட்டி டர்பைனா? எது மலிவு என்று பார்த்து முடிவெடுத்துவிடுகிறோம். அரசாங்கக் கரண்ட் கம்பம் ஊருக்குள் வந்த மறுநாள் எதன் கதி என்ன என்று யாரும் கேட்பதில்லை.

பீகாரில் ஜெகனாபாத் மாவட்டத்துத் தர்னை, முப்பது வருடம் இருட்டில் கிடந்த ஊர். 2014இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சோலார் நிலையம் அமைத்தது. அதில் 30 கிலோவாட் பாசன மோட்டார்களுக்கு. பார்க்க வந்த, அப்போது முன்னாள் முதல்வராக இருந்த நிதிஷ் குமாரிடம் ஊர்க்காரர்கள் கேட்டது 'அசலி பிஜ்லி', அதாவது நிஜக் கரண்ட். நன்றி கெட்ட பேச்சு என்று தோன்றலாம். ஆனால் ஃபிரிட்ஜ் போடாதே என்று சொல்லும் கரண்டை வேறு எப்படித்தான் அழைப்பது? கொஞ்ச நாளில் அரசு லைன் வந்தது. சோலார் யூனிட் 9 ரூபாய், அரசு யூனிட் 3 ரூபாய். பேட்டரிகள் செத்தன, கடைசியில் நிலைய வளாகத்தில் மாடு கட்டினார்கள்.

வங்கதேசம் 2003இல் வேறு வழியில் போனது. கூரையில் பேனல், மூலையில் பேட்டரி, சில பல்பு, செல்போன் சார்ஜ், பணம் தவணையில். 40 லட்சம் வீடுகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. மோட்டாரோ மாவு மில்லோ அதில் ஓடாது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தால் அதோடு சரி. ஆனால் கம்பம் வந்தால் பேனலைக் கழற்றி விற்கலாம், கரண்ட் போகும் நேரத்துக்கென்று வைத்துக்கொள்ளவும் செய்யலாம். நஷ்டம் அந்த வீட்டோடு நிற்கும்.

இலங்கை மலையோரக் கிராமங்களின் குட்டி நீர்மின் நிலையங்கள்தான் எனக்குப் பிடித்தவை. ஊர்ச் சங்கமே நடத்தும். பல இடங்களில் சாதாரண மோட்டாரையே ஜெனரேட்டராகச் சுற்றவைத்தார்கள். பேட்டரி வேண்டாம், ராத்திரியும் ஓடும். டர்பைனுக்குத் தண்ணீர் போகும் தொட்டியின் சல்லடையில் அடைக்கும் இலைதழையை மட்டும் யாராவது தவறாமல் அள்ள வேண்டும். ஒரு வீட்டில் அயர்ன் பாக்ஸ் போட்டால் ஊர் பல்பெல்லாம் மங்கும். கோடையில் ஓடை மெலிந்தால் கரண்டும் மெலியும். அரசின் மின்சார சபை லைன் வந்ததும் இவற்றிலும் பல மூடப்பட்டன. சில மட்டும் அதே லைனோடு இணைந்து, சபைக்கே கரண்ட் விற்கத் தொடங்கின.

ஆக, வற்றாத ஓடை இருந்தால் நான் டர்பைன் பக்கம். வீடுகள் சிதறிக் கிடந்தால் பேனல். ஊர் நிலையம் என்றால், கம்பம் வரும் நாளில் யூனிட்டை என்ன விலைக்கு யார் வாங்குவார் என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகு பேசலாம்.