எங்க பூனையோட கடைசி வாரம், அந்த க்ளினிக் நர்ஸ் பத்தி ஒரு ரிவ்யூ

டாக்டர பத்தி ரிவ்யூ நெறைய இருக்கும், நான் நர்ஸ பத்தி எழுதுறேன். எங்க பூனைக்கு 16 வயசு, கிட்னி பெயிலியர் கடைசி ஸ்டேஜ், கிட்னி வெளியேத்த வேண்டிய கிரியாட்டினின்ங்கற கழிவு ரத்தத்துல 5 தாண்டிடுச்சு, ட்ரிப்ஸ் ஏத்தினா ரெண்டு நாள் எந்திரிச்சு நடப்பா அப்புறம் திரும்பவும் தண்ணி கிண்ணத்து மேல தலைய தொங்கப் போட்டுட்டு குடிக்காம அப்படியே உக்காந்திருப்பா. இதுக்கு முன்னாடி போன இடத்துல எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம வாயப் பிடிச்சு தெறந்து சிரிஞ்சுல ஊட்டி அனுப்பிட்டாங்க, வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில போனவ ராத்திரி வரைக்கும் வெளிய வரல. அதனால புது இடத்துக்கு பயந்துகிட்டேதான் போனேன்.

இங்க நர்ஸ் அவள இழுத்து வெளிய எடுக்கல, கூண்டோட மேல் மூடிய கழட்டிட்டு உள்ள இருக்கும்போதே தொட்டு பாத்தாங்க. அவ குர்ர்ருனு சத்தம் போட்டுட்டு இருந்தா, சந்தோஷமாதான இருக்கான்னு கேட்டேன். வலியில இருக்கற பூனையும் இப்படி சத்தம் போடும் அக்கா, மூஞ்சிய பாருங்கன்னு ஒவ்வொண்ணா காட்டினாங்க. காது ரெண்டும் பக்கவாட்டுல திரும்பியிருக்கு, கண்ண பாதி இடுக்கி வச்சிருக்கா, வாய்கிட்ட இறுக்கம், மீசை வெறைப்பா முன்னாடி நீட்டிகிட்டு, தலை தோளுக்கு கீழ. மான்ட்ரியல் பல்கலைக்கழகத்துக்காரங்க 2019ல வெளியிட்ட அளவுகோலாம், இந்த 5க்கும் 0ல இருந்து 2 வரை மார்க், 10க்கு 4 வந்தாலே வலி மருந்து பத்தி யோசிக்கணும். எங்க பொண்ணுக்கு 6. நாங்க என்ன முடிவு எடுக்கப் போறோம்னு காத்திருக்காம நேரா டாக்டர்கிட்ட போய் மொதல்ல இவளுக்கு வலி கொறையணும்னு பேசி மருந்து எழுதி வாங்கிட்டு வந்தாங்க. அந்த சத்தத்த இத்தன நாளா தப்பா புரிஞ்சு வச்சிருந்தேன்னு நெனச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது.

என் வீட்டுக்காரர் ட்யூப் போட்டே ஆகணும்னு நின்னாரு. ட்யூப் போட்டா சாப்பாடு உள்ள போகும் சார், கிட்னி எவ்ளோ தாங்கும்னு சொல்ற எடத்துல நான் இல்லன்னு சொல்லி டாக்டர திரும்ப கூட்டிட்டு வந்து உக்கார வச்சாங்க. உங்க பூனையா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு நான் அழுதுகிட்டே கேட்டேன். "நான் ஒண்ணு சொல்லிட்டா அது என் முடிவா ஆயிடும் அக்கா, அவள தினமும் பாக்கறது நீங்க"ன்னு சொல்லிட்டு ஒரு தாள குடுத்தாங்க. ஆலிஸ் வில்லலோபோஸ்னு ஒரு அமெரிக்க கால்நடை டாக்டர் போட்ட பட்டியல், வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், அப்புறம் கெட்ட நாளை விட நல்ல நாள் அதிகமா இருக்கான்னு 7 விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 10 மார்க், மொத்தம் 35க்கு மேல இருந்தா தொடர்ந்து பாத்துக்கலாம். கூடவே காலண்டர்ல நல்ல நாளுக்கு டிக், கெட்ட நாளுக்கு இன்ட்டு போடச் சொன்னாங்க. 5 நாள்ல ஒரே ஒரு டிக்தான், அவ தானா நடந்து போய் வெயில்ல படுத்த நாள். ஆறாவது நாள் என் வீட்டுக்காரர்தான் கருணைக்கொலை பண்ணிடலாம்னு போன் பண்ணாரு.

அன்னைக்கு கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, மொதல்ல மயக்க ஊசி, அப்புறம்தான் கடைசி ஊசி, கண்ணு மூடாது, போன பிறகும் ஒண்ணு ரெண்டு தடவ மூச்சு இழுக்கற மாதிரி வரலாம், அது அவளுக்கு தெரியாது. சொல்லலேன்னா நான் உயிர் இருக்குன்னு கத்தியிருப்பேன்.

கொறையும் இருக்கு. குரைக்கற நாய்ங்களுக்கு நடுவுல அவள வச்சுகிட்டு 40 நிமிஷம் காக்க வச்சாங்க, முடிஞ்ச பிறகு காலி கூண்டோட பில் கவுன்ட்டர் வரிசையில நின்னேன். பணத்த முன்னாடியே வாங்கிக்கக் கூடாதா, இத மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். நர்ஸுக்கு 5 ஸ்டார், கவுன்ட்டருக்கு 2.

இதுக்காக போறவங்க முன்னாடியே போன் பண்ணி அன்னைக்கு கடைசி அப்பாயின்ட்மென்ட்டா கேளுங்க, வீட்டுல இருந்து பழைய துண்டு ஒண்ணு எடுத்துட்டு போங்க. எங்க பொண்ணு அதுல மூக்க புதைச்சுகிட்டுதான் படுத்திருந்தா.