எங்கள் ஊர் இ-சேவை மையம்: நம்பிப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டடத்தில், உரக் கிடங்குக்கு அடுத்த சின்ன அறை. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ரேகை வைக்கிற கருவி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெண்.

முதலில் காசு விஷயம். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எதுவானாலும் 60 ரூபாய்தான் அரசுக் கட்டணம். இங்கே அதைத்தான் வாங்குகிறார்கள், ரசீதும் தருகிறார்கள். டவுனில் ஒரு தனியார் கடையில் என் மகளின் வருமானச் சான்றுக்கு 250 ரூபாய் கேட்டு வாங்கினார்கள். அதைவிடக் கொடுமை, விண்ணப்பத்தில் கடைக்காரர் தன் செல் நம்பரைப் போட்டுவிட்டார். கூடுதல் ஆவணம் கேட்டு மனு திரும்பி வந்த சேதி அவர் போனிலேயே கிடந்தது. கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் நாங்கள் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

இந்த மையத்துப் பெண் அப்படியில்லை. அனுப்புகிற பட்டனை அழுத்துவதற்கு முன்னால், அடித்ததை எல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். பெயர், இனிஷியல், அப்பா பெயர், யார் நம்பர் போட்டிருக்கிறது என்பது வரை. ஆதாரில் ஒரு இனிஷியல், டிசியில் வேறொன்று என்றால் அங்கேயே நிறுத்திக் கேட்கிறார். பயிர்க் காப்பீட்டில் இது இன்னும் முக்கியம். வருவாய் கிராமத்தை வைத்துத்தான் இழப்பீடு கணக்காகிறது. பட்டியலில் பக்கத்துக் கிராமத்தைத் தொட்டுவிட்டால் வயல் மூழ்கினாலும் பணம் வருவது சிக்கல். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் நம் பங்கு. பதிவு செய்வதற்கான கூலியை மையத்துக்குக் காப்பீட்டு நிறுவனமே கொடுத்துவிடும். அதனால் பிரீமியத்துக்கு மேல் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

பி.எம். கிசான் பதிவுக்கு வந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். விவசாயிகளுக்கு மத்திய அரசு தருகிற பணம் அது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. கே.ஒய்.சி., அதாவது ஆள் இவர்தான் என்று உறுதிசெய்வது, முடிக்காவிட்டால் நின்றுவிடும். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல், ரேகையே விழவில்லை. வேட்டியில் துடைத்துத் துடைத்து வைக்கிறார், கருவி சிவப்பு காட்டுகிறது. “விடுங்க தாத்தா, மோதிர விரலை வச்சுப் பார்ப்போம்” என்று ஈரத்துணியால் அந்தப் பெண்ணே துடைத்துவிட்டார். அதுவும் விழாமல், கடைசியில் செல்போனில் முகத்தைக் காட்டி முடித்தார்கள். “எம் மூஞ்சியை டெல்லியில தெரியுமா பாப்பா?” என்று அவர் கேட்ட சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

குறைகளும் உண்டு. அந்தப் பெண் லீவு போட்டால் பூட்டுதான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் சர்வர் படுத்துவிடும், வரிசை வாசல் தாண்டி நிற்கும். கட்டணப் பலகையை உள்ளே பீரோவுக்கு மேல் மாட்டியிருக்கிறார்கள். அதை வாசலில் மாட்ட வேண்டும். திரையும் நம் பக்கம் திரும்பியில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ள இன்னொரு திரை வைக்கலாம். சங்கம் மனசு வைத்தால் பெரிய செலவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலை உயரத்தைக் கணினியில் பார்த்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கணினியைத் தொடாத மீனவருக்கும் சேதி போய்ச் சேர்ந்தது. காப்பீட்டுக்குக் கடைசித் தேதியை நம் ஊரிலும் மைக்கில் சொல்லலாமே? போன சம்பாவில் தேதி தெரியாமலே விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

போகிறவர்கள் ஆதார், குடும்ப அட்டை, அப்புறம் ஓடிபி வருகிற செல்போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். பட்டா, சிட்டா பார்ப்பதற்கு மட்டும் என்றால் போகவே வேண்டாம், வீட்டில் போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். இதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பெண்தான்.