டைமரா, பிஸ்டனா, தராசா? எண்ணெய் பாட்டில் நிரப்பும் இயந்திரங்கள்

கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ சிறிய அளவில் எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து விற்பவர் இயந்திரம் வாங்கப் போனால், விற்பவர் வேகத்தைப் பற்றியே பேசுவார்: நிமிடத்துக்கு இத்தனை பாட்டில். நாம் கேட்க வேண்டியது வேறு. காலையில் வைத்த செட்டிங் மதியம் வரை நிற்குமா?

டைமர் வகையில் நிற்காது. விலை குறைவு, கற்றுக்கொள்வதும் எளிது. மேலே தொட்டி, கீழே வால்வு, இத்தனை விநாடி திறந்திரு என்று கட்டளை. ஆனால் அது அளப்பது நேரத்தைத்தான், எண்ணெயை அல்ல. தொட்டி நிறைந்திருக்கும்போது எண்ணெய் வேகமாக இறங்கும், பாதியானதும் மந்தமாகும். வெயில் ஏறினால் எண்ணெய் இளகி அதே விநாடிகளில் கூடுதலாக விழும். தேங்காய் எண்ணெயின் கதை இன்னும் மோசம். 24 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும் சரக்கு, மார்கழிக் காலையில் குழாயிலேயே திரண்டு நிற்கும். நாள் முழுக்க ஓர் ஆள் பொத்தானை அழுத்தி விநாடியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் சம்பளத்தையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

பிஸ்டன் வகையில் சிலிண்டருக்குள் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவைத் தள்ளும். கைச்சக்கரத்தைத் திருப்பி பிஸ்டன் நகரும் தூரத்தை மாற்றினால் அளவு மாறும். எண்ணெய் கெட்டியா, இளக்கமா என்பது இங்கே பெரிய பொருட்டல்ல. வேகம் மட்டும் பொருட்டு. கெட்டி எண்ணெயை அவசரமாக இழுத்தால் சிலிண்டருக்குள் காற்றும் புகுந்துவிடும், பாட்டில் குறையும். ஆகவே இழுப்பதை மெதுவாகவும் தள்ளுவதைச் சற்று வேகமாகவும் வைப்பது நல்லது. நிரப்பி முடித்ததும் நாசில் எனும் ஊற்றுக்குழாயின் முனையில் தொங்கும் துளியை உள்ளே இழுத்துக்கொள்ளும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த ஒரு துளி பாட்டிலின் தோளில் வழிந்தால் லேபிள் ஒட்டாது. ஒட்டினாலும் கடை அலமாரியில் உரிந்து தொங்கும். பிஸ்டனைக் காற்றழுத்தத்தால் இயக்கும் கம்ப்ரசரில் சேரும் தண்ணீரைத் தினமும் வடித்துவிட வேண்டும். பிஸ்டனின் சீல் தேய்ந்தால் மாற்ற வேண்டும். வேறு தொல்லை அதிகமில்லை.

ஒரு சிக்கல் உண்டு. பிஸ்டன் அளப்பது கன அளவை. எண்ணெய் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.07 சதவீதம் விரிகிறது. காலை 26 டிகிரியில் லிட்டர் பாட்டிலைச் சரியாக நிரப்பிய அதே செட்டிங்கில், தகரக் கூரையின் கீழ் எண்ணெய் 38 டிகிரிக்கு வந்தபின் நிரப்பும் பாட்டில் சுமார் 8 கிராம் இளைத்திருக்கும். லேபிளில் 1 லிட்டர் என்பதோடு 910 கிராம் என்றும் போடுகிறோம். கன அளவுடன் எடையும் வேண்டும், வெப்பநிலையைக் குறிப்பிட்டுத் தப்பிக்கக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் சொல்லிவிட்டது. ஒரு பாட்டிலில் 15 கிராம் வரை குறைவைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் மாதிரிகளின் சராசரி குறையக் கூடாது. எடை, அளவுகளைச் சரிபார்க்கும் முத்திரை ஆய்வாளர் வரும்போது வெயிலைக் காரணம் காட்ட முடியாது.

தராசு வகைக்கு இந்தத் தொல்லையே இல்லை. பாட்டிலை வைத்ததும் வெற்று எடையைக் கழித்துக்கொண்டு, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஊற்றும். வால்வை எந்த எடையில் மூடுவது என்பதுதான் இதில் முக்கியமான செட்டிங். 910-இல் மூடினால் நாசிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே இறங்கிக்கொண்டிருக்கும் எண்ணெயும் சேர்ந்து கூடிவிடும்; சில கிராம் முன்பே மூட வேண்டும். பாட்டிலுக்கு மூன்று கிராம் கூடுதலாகப் போனாலும் மாதக் கடைசியில் தெரியும். ஆனால் தராசு ரோஷக்காரன். மேலே ஓடும் மின்விசிறி, துறைமுகம் நோக்கி எண்ணூர் சாலையில் போகும் கண்டெய்னர் லாரியின் அதிர்வு, எல்லாவற்றையும் எடையாகவே எண்ணிக்கொள்ளும். சாலையோரக் கட்டடத்தில் வைப்பதானால் தரையில் கனமான கான்கிரீட் மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். வேகமும் குறைவு, விலையோ மூன்றிலும் அதிகம்.

என் தேர்வு: 15 கிலோ டின் போடுபவருக்குத் தராசுதான், அங்கே விற்பதே எடைக்கு. அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில் போடும் செக்கு எண்ணெய்க்காரருக்குப் பிஸ்டன், பக்கத்தில் முத்திரையிட்ட சிறிய மின்னணுத் தராசு. மணிக்கொருமுறை ஐந்து பாட்டில்களை எடை பார்த்து, மதியத்துக்கு மேல் கைச்சக்கரத்தைச் சற்றே கூட்டினால் போதும். டைமர் இயந்திரத்தைப் பினாயில் போடுபவர்களுக்கு விட்டுவிடலாம். தண்ணீர் போன்ற சரக்கு வெயிலுக்கு அவ்வளவாக மாறாது, தொட்டியில் ஒரு மிதவை வைத்து மட்டத்தை நிறுத்திவிட்டால் அவர்களுக்கு அது ஒழுங்காகவே ஓடும்.