வண்டியை இறக்கித் தருகிறோம் என்று சொன்னால் நம்பிக் கொடுத்துவிடாதீர்கள்

என் உயரம் 5 அடி 1 அங்குலம். ஓட்டுவது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. அதன் சீட் உயரம் 805 மி.மீ., எடை 195 கிலோ. உட்கார்ந்தால் இரண்டு கால்களிலும் விரல் நுனி மட்டும்தான் தரையில் படும். ஓடும்போது ஒரு பயமும் இல்லை. சிக்னலிலும் சரளைக் கல் கிடக்கும் பார்க்கிங்கிலும் நிறுத்தும்போதுதான் வயிறு கலங்கும். என்னைப் போல உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், இந்த ஒரே காரணத்துக்காக வண்டியின் உயரத்தைக் குறைத்து இறக்கலாமா என்று யோசிப்பது எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பொள்ளாச்சியில் இருக்கிறேன். கோவையில் மாடிஃபிகேஷன் செய்யும் ஒரு கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பெயர் இங்கே வேண்டாம். கடைக்காரர் பேசிய விதம் நன்றாக இருந்தது. பின்பக்கத்துக்குக் கம்பெனியில் செய்த குட்டை ஷாக் அப்சார்பர் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) ஒரு ஜோடி 9,000 ரூபாய், சீட்டைக் குறைத்துப் புது ஃபோம் போட 3,500, கூலி 2,000. மொத்தம் 14,500. "எத்தனை வண்டி பண்ணியிருக்கோம், ஒன்னும் ஆகாதுங்க்கா, ரெண்டு நாள்ல எடுத்துக்கலாம்" என்றார். முழுப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டபோது வண்டி எடுக்க வரும்போது தருவதாகச் சொன்னார். கடைசியில் கிடைத்தது துண்டுச் சீட்டில் எழுதிய ஒரு தொகை மட்டும். இரண்டு நாள் வேலை பதினொரு நாள் ஆனது.

எடுத்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட்டன. அந்தச் சந்தோஷத்தில் வேறு எதையும் கவனிக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் பெட்ரோல் பங்க்கில் சைடு ஸ்டாண்டு போட்டு இறங்கினேன். வண்டி இடப்பக்கம் சாயாமல் நேராக நின்றது. டேங்க் மூடியைத் திறக்கக் கை வைத்ததும் மறுபக்கம் விழப் பார்த்தது. பங்க்கில் இருந்த தம்பி ஓடிவந்து பிடித்தார். வண்டி இறங்கினால் சைடு ஸ்டாண்டையும் அதற்கேற்ப வெட்டிக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டாண்டு நீளமாகி வண்டி நிமிர்ந்து நின்றுவிடும். இந்த வேலை செய்கிற எவருக்கும் தெரிய வேண்டிய முதல் விஷயம் இது.

அடுத்தது ஹெட்லைட். இரவில் எதிரே வருகிற எல்லோரும் டிம் அடிக்கச் சொல்லி லைட் போட்டுக் காட்டினார்கள். முன்பக்கத்தை அப்படியே விட்டுப் பின்பக்கத்தை மட்டும் இறக்கியிருந்தார்கள். இந்த வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1,390 மி.மீ. பின்னால் 2 அங்குலம் இறங்கினால் மொத்த வண்டியும் ஏறக்குறைய 2 டிகிரி அண்ணாந்து பார்க்கும். 50 மீட்டர் தள்ளி வெளிச்சம் ஒன்றே முக்கால் மீட்டர் மேலே போய்விடும், அதாவது எதிரே வருபவர் கண்ணுக்கே. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் அதே அளவு பின்னால் சாய்வதால் ஹேண்டில் மந்தமாகிறது. குறுகிய திருப்பத்தில் வண்டியை வலிந்து திருப்ப வேண்டியிருந்தது. பின்னால் இறக்கினால் முன் ஃபோர்க்கையும் அதைப் பிடிக்கும் கிளாம்பில் கொஞ்சம் மேலே ஏற்றி, முன்பக்கத்தையும் இறக்கிச் சமன் செய்ய வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனபோது ஒவ்வொரு வேகத்தடையிலும் டயர் மட்கார்டில் கரகரவென்று உரசியது. "ஏன் கண்ணு, என்னமோ சத்தம் வருதே" என்று அம்மா கேட்டார். கடைக்குப் போன் செய்தேன். "புது ஷாக்குங்க்கா, ஓட ஓட செட் ஆயிரும்" என்றார்கள்.

மூன்றாவது வாரம் வால்பாறை போனேன். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், இடது திருப்பத்தில் வண்டி சாய்ந்திருந்தபோது ரோட்டில் ஒரு பள்ளம். பின்பக்கம் முழுதாக அமுங்கி, சென்டர் ஸ்டாண்டு ரோட்டில் இடித்து, பின் சக்கரம் ஒரு நொடி தரையை விட்டது. வண்டி எதிர்ப்பக்கத் தடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அந்த நேரத்தில் மேலிருந்து பஸ் வரவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரு முழங்கால் கிழிந்ததோடு தப்பித்தேன். ஒன்பதாவது வளைவில் நிறுத்தி, கீழே ஆழியாறு அணையைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நிற்கவே இல்லை.

மேலே போகாமல் திரும்பிவிட்டேன். மறுநாள் பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டார். பின் ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருகினார். சுற்றியது! சரியான ஸ்பிரிங் கையால் திருகினால் அசையவே கூடாது. கழற்றிப் பார்த்தால் அது புது ஷாக்கே இல்லை, என் வண்டியில் இருந்த பழைய ஷாக்தான். ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றைக் கிரைண்டரால் அறுத்து, வெட்டிய முனையைப் பழுக்கக் காய்ச்சி வளைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நெருப்பில் காட்டினால் ஸ்பிரிங் எஃகின் பலம் போய்விடும். சுற்றைக் குறைத்தால் மிச்சம் இருப்பது கடினமாகும், அமுங்குவதற்கு இடமும் இருக்காது. ஒரு ஷாக்கில் ஆயில் வேறு கசிந்திருந்தது. சீட்டைப் பிரித்தால் புது ஃபோம் என்று சொன்ன இடத்தில் பார்சல் பெட்டியில் வைக்கிற பஞ்சு. அது ஒரு மாதத்துக்குள் அமுங்கி, நான் ஏறக்குறைய தகட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

வேலை தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். புதுசு என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, என் பொருளையே அறுத்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஓட்டுகிறவரின் உயிர் அந்த இரண்டு ஸ்பிரிங்கில் இருக்கிறது.

கடையில் போய்க் கேட்டதற்கு, மலைக்குப் போவதாக நான் சொல்லவில்லை என்றார்கள். அப்புறம் போனை எடுப்பதே இல்லை. வாரண்டி இருக்கிற வண்டிதான், ஆனால் வெட்டிய ஷாக்குக்கு வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. புது ஷாக்குகளை என் செலவில்தான் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, அங்கும் போகப் போகிறேன். முறையான பில் இல்லாததால் ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பாகத்தைப் பெட்டியோடு உங்கள் கண் முன்னால் பிரித்துப் பொருத்தச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஷாக் எங்கே என்று நான் அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும்.

இப்போது என் வண்டியில் ஷாக், ஃபோர்க் எல்லாம் கம்பெனி அளவில்தான் இருக்கின்றன. சீட்டை மட்டும் பொள்ளாச்சியிலேயே சீட் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தேன். உயரத்தைக் குறைப்பதை விட சீட்டின் முன்பக்கம் தொடை படும் இடத்தில் அகலத்தைக் குறைப்பதுதான் முக்கியம் என்று அவர் சொன்னார். அகலம் குறைந்தால் கால் நேராகக் கீழே இறங்கும். என்னை உட்காரவைத்து அளவெடுத்து, நல்ல ஃபோமில் அகலத்தோடு உயரத்தையும் முக்கால் அங்குலம் மட்டும் குறைத்தார். பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் ஆறு நிலை இருக்கிறது, தனியாக ஓட்டும்போது மிக மென்மையான நிலையில் வைத்துக்கொள்கிறேன். கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ போடுகிறேன். நிறுத்தும்போது இடுப்பைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி இடது பாதத்தை முழுசாக ஊன்றி, வலது காலைப் பிரேக்கிலேயே வைக்கப் பழகிவிட்டேன். போன வாரம் வால்பாறைக்கு நாற்பது வளைவும் ஏறி இறங்கினேன்.

அறுத்த ஸ்பிரிங் இரண்டும் என் வீட்டில்தான் இருக்கின்றன. பொள்ளாச்சிப் பக்கம் யாராவது வண்டியை இறக்கும் யோசனையில் இருந்தால் வந்து கையில் எடுத்துப் பாருங்கள்.